நம் வாசலுக்கு வராதவர்களின் கணக்கு

ஜூன் மாதம் வந்துவிட்டால் ஊருக்கு ஊர் அறக்கட்டளை வாசல்களில் பெற்றோர் கூட்டம் கூடிவிடுகிறது. பள்ளிக் கட்டணம், நோட்டுப் புத்தகம், கல்லூரிச் சேர்க்கை என்று விண்ணப்பங்கள் குவிகின்றன. பொறுப்பாளர்கள் இரவு வெகுநேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, கையில் இருக்கும் பணத்தைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். ஆண்டு முடிவில் "இத்தனை மாணவர்களுக்கு இவ்வளவு ரூபாய் வழங்கப்பட்டது" என்று அறிக்கை வருகிறது.

அந்த அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு கேள்விகளுக்கு அதில் பதில் கிடைக்காது. உதவி மிகவும் தேவைப்பட்டவர்கள் நம்மிடம் வந்தார்களா? நாம் கொடுத்ததால்தான் அந்தப் பிள்ளை படிப்பைத் தொடர்ந்ததா, கொடுக்காவிட்டாலும் தொடர்ந்திருக்குமா?

இந்தக் கேள்விகளுக்கு முறையாக விடை தேடும் வழிகளைத்தான் ஆய்வு முறையியல் என்கிறார்கள். எம்.பி.ஏ., எம்.எஸ்.டபிள்யூ., எம்.காம்., சமூகவியல் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒரு பாடம். பலர் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். மாதிரி, கருதுகோள், ஒப்பீட்டுக் குழு என்று பெயர்கள் கடினமாக இருக்கலாம். ஆனால் அவற்றின் அடியில் இருப்பது எளிய ஒரு கருத்து: நம் கண் முன்னால் இல்லாதவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதை நாலைந்து உண்மைச் சம்பவங்களின் வழியாகப் பார்ப்போம்.

கேள்விப்பட்டதை எடைபோடுதல்

1332-ல் துனிஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூன், 1377-ல் 'முகத்திமா' என்ற நூலை எழுதினார். சமூகவியலின் முன்னோடி நூல்களில் ஒன்றாக உலகப் பல்கலைக்கழகங்கள் அதை இன்றும் மதிக்கின்றன. தமக்கு முன் எழுதிய வரலாற்றாசிரியர்கள் மீது அவர் வைத்த முக்கியமான குறை, காதில் விழுந்ததை அப்படியே எழுதிவிட்டார்கள் என்பதுதான். குறிப்பாக, எண்ணிக்கைகளை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை என்கிறார்.

அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு சுவையானது. மூஸா நபி (அலை) அவர்கள் காலத்தில் பனூ இஸ்ராயீல் படை ஆறு லட்சத்துக்கும் மேல் இருந்தது என்று சிலர் எழுதியிருந்தார்கள். இப்னு கல்தூன் கணக்குப் போடுகிறார். யாகூப் நபி (அலை) அவர்களிலிருந்து சில தலைமுறைகளுக்குள் ஒரு குடும்பம் அந்த அளவுக்குப் பெருக முடியுமா? அவ்வளவு பெரிய படையை ஒரே களத்தில் நிறுத்தினால், ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரியுமா? செய்தியைச் சொன்னவர் நல்லவரா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது, மனித சமூகம் நடக்கும் விதத்தோடு அந்தச் செய்தி ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பது அவர் கற்றுத்தந்த முறை.

நம் காலத்திலும் இதற்கு ஒரு எடுத்துக்காட்டு உண்டு. இந்திய முஸ்லிம் பிள்ளைகளில் பெரும்பாலோர் மதரஸாவுக்கு மட்டுமே போகிறார்கள் என்ற பேச்சு நாட்டில் வெகுகாலம் இருந்தது. நம்மவர்களே சிலர் அதை நம்பினார்கள். 2005 மார்ச் மாதம் நீதியரசர் ராஜிந்தர் சச்சார் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, 2006 நவம்பரில் வெளியான தன் அறிக்கையில் இதை எண்ணிப் பார்த்துச் சொன்னது. பள்ளி வயதில் இருக்கும் முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் படிப்பவர்கள் ஏறத்தாழ 3 சதவீதம்தான். நூற்றுக்கு மூன்று பேரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததில், பள்ளிக்கூடமே போகாத பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமல் போய்விட்டார்கள்.

எண்ணிக்கை இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 சதவீதம். நாட்டின் பொதுச் சராசரி 65 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம். மாநிலச் சராசரியான 73.5 சதவீதத்தைவிட அது அதிகம். அகில இந்தியக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்குத் தமிழ்நாட்டு நிலவரம் தெரியாது. அதைப்போலவே, தமிழ்நாட்டுக் கணக்கை மட்டும் பார்த்து நிம்மதி அடைபவருக்கு நம் ஊரின் கடைசித் தெரு தெரியாது. சராசரி என்பது பலரைச் சேர்த்துச் சொல்லும் எண். அதில் தனித்தனி வீடுகள் மறைந்துபோகும்.

பதிவேட்டில் இல்லாத வீடு

ஒரு ஊரின் நிலையை அறிய எல்லா வீட்டுக்கும் போக முடியாவிட்டால் சில வீடுகளுக்குப் போகலாம். அதைத்தான் மாதிரி எடுப்பது, சாம்பிள் எடுப்பது என்கிறோம். எந்த வீடுகளுக்குப் போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1936-ல் அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடந்தது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற புகழ்பெற்ற வார இதழ், யார் வெல்வார் என்று அறிய ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு போன்ற அட்டைகளை அனுப்பியது. 23 லட்சத்துக்கும் அதிகமான அட்டைகள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, ஆல்ஃபிரட் லாண்டன் சுமார் 57 சதவீத வாக்குகளுடன் வெல்வார் என்று அறிவித்தது. தேர்தல் முடிவு நேர்மாறாக வந்தது. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 சதவீத வாக்குகள் பெற்று, 48 மாநிலங்களில் 46-ல் வென்றார். அதற்கு முந்தைய பல தேர்தல்களைச் சரியாகக் கணித்திருந்த அந்த இதழ், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் நின்றே போனது. அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்பவர் சுமார் 50,000 பேரை மட்டும் கேட்டு, ரூஸ்வெல்ட்தான் வெல்வார் என்று சரியாகச் சொன்னார்.

இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கேட்டவர் தவறினார், ஐம்பதாயிரம் பேரைக் கேட்டவர் சரியாகச் சொன்னார். எப்படி? டைஜஸ்ட் இதழ் முகவரிகளைத் திரட்டிய இடங்கள் தொலைபேசிப் பட்டியல், கார் வைத்திருப்போர் பதிவு போன்றவை. நாடே பொருளாதார மந்தத்தில் கிடந்த அந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் வசதி உள்ளவர்களிடமே இருந்தன. வேலையிழந்த ஏழைகள் அந்தப் பட்டியலில் குறைவு. போதாததற்கு, அட்டை கிடைத்தவர்களிலும் நாலில் ஒருவர் அளவுக்குத்தான் பதில் அனுப்பினார்கள். பதில் அனுப்பாத முக்கால் பங்கினரின் மனம் என்னவென்று இதழுக்குத் தெரியவில்லை.

இதை நம் மஹல்லாவோடு பொருத்திப் பாருங்கள். ஊர் நிலவரம் தெரிய வேண்டும் என்றால் முதலில் எதை எடுப்போம்? ஜமாஅத் பதிவேட்டை. பல ஊர்களில் அதில் இருப்பவர்கள் சந்தா செலுத்தும் குடும்பங்கள். வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர், சந்தா கட்ட முடியாமல் விட்டுப்போனவர், கணவர் இறந்தபின் அண்ணன் வீட்டு மாடியில் ஒதுங்கியிருக்கும் பெண், தலாக்குக்குப் பிறகு பிள்ளைகளோடு தனியே குடியிருக்கும் பெண் ஆகியோர் தனிக் குடும்பமாகப் பதிவாகியிருக்க மாட்டார்கள். உதவி மிகவும் தேவைப்படுவோர் பலர் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கக்கூடும். எத்தனை பேரைக் கேட்டாலும், பட்டியலே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் விடையும் சாய்ந்தே வரும்.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். கிளறிவிட்ட சோற்றுக்கு அது சரி. தம் பிரியாணிக்குச் சரிவராது. மேலே ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தால் அடியில் இருப்பது தெரியாது. பண்டாரி ஓரமாகக் கரண்டியை விட்டு அடிவரை எடுத்துத்தான் பதம் பார்ப்பார். ஒரு ஊரும் தம் பிரியாணிபோல அடுக்கு அடுக்காகத்தான் இருக்கிறது.

இதற்கு என்ன வழி? 600 வீடுகள் உள்ள ஒரு மஹல்லா என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டை நம்பாமல், தெருத் தெருவாக நடந்து மாடி வீடு, பின்கட்டு உட்பட ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு எண் கொடுங்கள். ஒன்று முதல் ஆறு வரை எழுதிய சீட்டுகளில் ஒன்றைக் குலுக்கி எடுங்கள். நான்கு வந்தால் 4, 10, 16, 22 என்று ஒவ்வொரு ஆறாவது வீட்டுக்கும் போங்கள். 100 வீடுகள் கிடைக்கும். இதில் யாருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமில்லை. தெரிந்தவர் வீடு, வழியில் இருக்கும் வீடு, தேநீர் தரும் வீடு என்று தேர்ந்தெடுக்க முடியாது.

வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வரக் கூடாது. மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ மறுபடி போக வேண்டும். பகலில் பூட்டியிருக்கும் வீடு, தாயும் வேலைக்குப் போகும் வீடாக இருக்கலாம். அந்த வீட்டை விட்டுவிட்டால், எதைத் தேடிப் போனோமோ அதையே விட்டுவிட்டு வருகிறோம்.

100 வீடுகளில் 20 வீடுகளில் படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளை இருப்பதாகத் தெரிந்தால், ஊர் முழுவதும் சரியாக 20 சதவீதம் என்று அறிவித்துவிடக் கூடாது. குலுக்கலில் வேறு வீடுகள் வந்திருந்தால் எண் சற்று மாறியிருக்கும். ஏறத்தாழ 12 முதல் 28 சதவீதத்துக்குள் இருக்கலாம் என்று சொல்வதே நேர்மை. அந்த அளவு தெரிந்தாலே வேலையைத் தொடங்கலாம்.

கேள்வியும் கேட்பவரும்

சரியான வீட்டுக்குப் போய்விட்டோம். இனி என்ன கேட்பது? "பிள்ளைகள் எல்லாம் படிக்கிறார்களா?" என்று கேட்டால் எந்தத் தாயும் "ஆமாம்" என்றுதான் சொல்வார். யாருக்குத்தான் தன் பிள்ளை படிக்கவில்லை என்று சொல்ல மனம் வரும்? அதற்குப் பதிலாக வீட்டிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் வயது, கடைசியாக முடித்த வகுப்பு, போன வாரம் எத்தனை நாள் பள்ளிக்குப் போனார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இவற்றுக்கு எண்ணால் பதில் சொல்ல வேண்டும். மழுப்புவதற்கு இடம் குறைவு.

பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடவும் கூடாது. "கட்டணம் கட்ட முடியாததால்தானே நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். உண்மைக் காரணம் பேருந்து நேரமாக இருக்கலாம், படுக்கையில் இருக்கும் நன்னியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததாக இருக்கலாம், கைபேசிக் கடையில் அண்ணனோடு வேலைக்குப் போனதாக இருக்கலாம். "எப்படி நின்றது? முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நூறு வீட்டில் எண்ணிக்கை எடுப்பது ஒரு முறை. பத்து வீட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்து கதை கேட்பது இன்னொரு முறை. முதலாவது எத்தனை என்று சொல்லும், இரண்டாவது ஏன் என்று சொல்லும். இரண்டும் வேண்டும்.

கேட்பவர் யார் என்பதும் பதிலை மாற்றும். பணம் வழங்கும் அறக்கட்டளையின் செயலாளரே போய்க் கேட்டால், பணம் கிடைப்பதற்கு ஏற்ற பதில்தான் வரும். ஆண்கள் போய்க் கேட்டால் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். கல்லூரியில் படிக்கும் நம் மகள்கள் இரண்டு பேராகப் போனால் அதே வீட்டில் அரை மணி நேரப் பேச்சு நடக்கும்.

கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே மனிதர் மாறிவிடுவார் என்பதற்கு மேலாண்மைப் பாடப் புத்தகங்களில் சொல்லப்படும் பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1924 முதல் 1932 வரை சிகாகோவை அடுத்த ஹாத்தார்ன் என்ற இடத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தொழிற்சாலையில் அது நடந்தது. வெளிச்சம் கூடினால் வேலை கூடுமா என்று பார்க்கத் தொடங்கினார்கள். வெளிச்சத்துக்கும் வேலைக்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. தங்களை ஒருவர் கவனிக்கிறார், மதித்துக் கேட்கிறார் என்பதே தொழிலாளர்களை மாற்றியது என்று பின்னர் விளக்கம் தந்தார்கள். அந்தப் பழைய புள்ளிவிவரங்களைப் பிற்காலத்தில் மறுபடி அலசியவர்கள், அந்த விளைவு சொல்லப்பட்ட அளவுக்கு வலுவாக இல்லை என்றார்கள். புகழ்பெற்ற முடிவையும் திரும்ப எண்ணிப் பார்க்கலாம் என்பதும் இந்தப் பாடத்தின் ஒரு பகுதிதான்.

நம் உதவியால்தானா?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். 2022-ல் ஒரு அறக்கட்டளை, கல்லூரி சேரும் மாணவியருக்கு உதவித்தொகை தரத் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு கல்லூரியில் சேரும் பெண்கள் கூடினார்கள். உடனே "நம் திட்டத்தின் வெற்றி" என்று எழுதிவிடலாமா? அதே 2022 செப்டம்பரில்தான் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் அது. கூடியதில் எவ்வளவு அரசுத் திட்டத்தால், எவ்வளவு நம்மால்? முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி ஆனது என்று மட்டும் பார்த்தால் இதைப் பிரிக்க முடியாது. அதே காலத்தில், அதே ஊரில், நம் உதவி கிடைக்காத அதேபோன்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால்தான் தெரியும். அவர்களைத்தான் ஒப்பீட்டுக் குழு என்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரே அளவு தேவையுள்ள 60 விண்ணப்பங்கள் வந்தன, பணம் 30 பேருக்குத்தான் இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது? சிபாரிசு உள்ளவருக்கா, முதலில் வந்தவருக்கா? எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல் போடுவதே நியாயம் என்று பலரும் ஒப்புக்கொள்வார்கள். ஓர் ஆண்டு கழித்து, உதவி பெற்ற 30 பேரில் 27 பேர் படிப்பைத் தொடர்கிறார்கள். அறிக்கையில் "90 சதவீத வெற்றி" என்று எழுதலாம். ஆனால் உதவி கிடைக்காத 30 பேரையும் தேடிப்போய்ப் பார்த்தால் 24 பேர் தொடர்கிறார்கள். அப்படியானால் நம் பணத்தால் கூடுதலாகப் படித்தவர்கள் 27 பேர் அல்ல, மூன்று பேர். 30 பேர் கொண்ட சிறு குழுவில் மூன்று பேர் வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். எனவே இன்னும் சில ஆண்டுகள் எண்ணிப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். 24 குடும்பங்களின் சுமையை நாம் தாங்கியதும் நன்மைதான். கடன் வாங்காமல், நகையை அடகு வைக்காமல் அவர்கள் பிள்ளையைப் படிக்கவைத்திருப்பார்கள். ஆனால் நம் நோக்கம் படிப்பு நிற்காமல் காப்பது என்றால், உதவி பெற்றும் நின்றுவிட்ட அந்த மூன்று பேரிடமும், கிடைக்காமல் நின்றுவிட்ட ஆறு பேரிடமும்தான் நாம் கற்க வேண்டியது இருக்கிறது.

இந்த முறையைப் பெரிய அளவில் செய்து காட்டிய ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. ராஜஸ்தான் மாநிலம் உதய்பூர் மாவட்டத்துக் கிராமங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி முழுமையாகப் போடப்படுவது மிகக் குறைவாக இருந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலிய ஆய்வாளர்கள், 'சேவா மந்திர்' என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 134 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 30 கிராமங்களில் மாதந்தோறும் தவறாமல் தடுப்பூசி முகாம் நடந்தது. வேறு 30 கிராமங்களில் முகாமோடு, ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்தார்கள். மீதி 74 கிராமங்களில் வழக்கமான அரசு ஏற்பாடு மட்டும் இருந்தது.

முடிவுகள் 2010-ல் வெளியாயின. வழக்கமான ஏற்பாடு மட்டும் இருந்த ஊர்களில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். முகாம் நடந்த ஊர்களில் 18 சதவீதம். முகாமோடு பருப்பும் தந்த ஊர்களில் 39 சதவீதம். பருப்பு கொடுத்ததால் செலவு கூடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? ஒரு குழந்தைக்கு முழுமையாக ஊசி போட ஆன செலவு, பருப்பு இல்லாத ஊர்களில் சுமார் 2,200 ரூபாய், பருப்பு தந்த ஊர்களில் சுமார் 1,100 ரூபாய். குழந்தைகள் வந்தாலும் வராவிட்டாலும் செவிலியர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். அதிகக் குழந்தைகள் வந்தபோது அந்தச் செலவு பலருக்குமாகப் பிரிந்துவிட்டது. 74 கிராமங்களை ஒப்பிடுவதற்காக எண்ணியிருக்காவிட்டால் இது எதுவும் தெரிந்திருக்காது. இவ்விதமான ஆய்வுகளுக்காக பானர்ஜி, டுஃப்ளோ, மைக்கேல் கிரெமர் ஆகிய மூவருக்கும் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் என்று சொல்லும் கொள்கை

"அப்படியானால் நம் ஊரிலும் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் பருப்பு கொடுப்போமா?" என்று கேட்கலாம். அவசரம் வேண்டாம். ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் பலிக்குமா என்பது ஏன் பலித்தது என்பதைப் பொறுத்தது. 2015-ல் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் இதைத் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறார்.

பெற்றோர் ஊசி போடாததற்கு இரண்டு காரணங்களை நினைக்கலாம். ஊசியைக் கண்டு பயம் என்பது ஒன்று. பயமில்லை, நாளைக்குப் போகலாம், அடுத்த மாதம் போகலாம், ஒரு நாள் கூலி போய்விடுமே என்று தள்ளிப்போடுவது இன்னொன்று. உண்மையிலேயே பயந்த தாய் ஒரு கிலோ பருப்புக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார். முதல் ஊசி போட்ட பல குழந்தைகள் கடைசி ஊசிவரை வராததும் தள்ளிப்போடுதலையே காட்டுகிறது. இப்படிக் காரணத்தைப் பற்றி நாம் கொள்ளும் தெளிவான ஊகத்துக்குக் கருதுகோள் என்று பெயர். பல சோதனைகளில் நின்று பிழைத்த ஊகம் கொள்கையாகிறது.

நம் மஹல்லாவில் ஒன்பதாம் வகுப்போடு ஒரு மகள் நின்றுவிட்டால், காரணம் பணமா, தூரமா, பாதுகாப்பா, வீட்டு வேலையா? பணம் காரணமானால் உதவித்தொகை பயன் தரும். பேருந்து காரணமானால், எவ்வளவு உதவித்தொகை கொடுத்தாலும் அவள் போகமாட்டாள். நான்கைந்து மாணவியருக்குச் சேர்த்து ஒரு வேன் ஏற்பாடு செய்தால் போய்விடுவாள். காரணம் தெரியாமல் கொடுக்கும் உதவி, நோய் தெரியாமல் கொடுக்கும் மருந்து.

கேட்டதைக் காப்பது

ஒரு குடும்பம் தன் கஷ்டத்தை நம்மிடம் சொல்வது நம்மிடம் ஒப்படைக்கும் அமானிதம். எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிட வேண்டும், அதனால் உதவி நின்றுவிடாது என்றும் உறுதி கூற வேண்டும். படிவத்தில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். எந்த எண் எந்த வீடு என்ற பட்டியல் ஒரே ஒருவரிடம் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் படிவத்தின் படத்தைப் போடுவது, கூட்டத்தில் பெயர் சொல்வது இரண்டும் கூடவே கூடாது. ஒரு வீட்டின் மானம் ஒருமுறை போய்விட்டால், அடுத்த முறை அந்தத் தெருவே நமக்குக் கதவைத் திறக்காது.

இந்த ஆண்டே தொடங்கலாம்

இதற்குப் பெரிய பணமோ நிபுணர்களோ தேவையில்லை. சமூகப்பணி, மேலாண்மை, புள்ளியியல் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் படிப்பை முடிக்க எப்படியும் ஒரு புராஜெக்ட் செய்தாக வேண்டும். அதை நம் மஹல்லாவிலேயே செய்யட்டும், வழிகாட்டும் பேராசிரியரும் உடன் இருப்பார்.

முதலில் ஒரே ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள். "ஊரின் நிலை என்ன?" என்பது கேள்வியாகாது. "போன மூன்று ஆண்டுகளில் பத்தாம் வகுப்புக்கு முன் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை, ஏன்?" என்பது கேள்வி. பிறகு வாசல்களுக்கு எண் கொடுங்கள். கேள்விகளை ஐந்து வீட்டில் சோதித்துப் பார்த்துப் புரியாததைத் திருத்துங்கள். அதன் பிறகு குலுக்கலில் வந்த வீடுகளுக்குப் போங்கள். வரும் ஜூனில் உதவி வழங்கும்போது கிடைக்காதவர்களின் விண்ணப்பங்களைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அவர்கள் சம்மதத்தோடு பாதுகாத்து வைத்து, ஓர் ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். அடுத்த பட்டியலில் அவர்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

வாசலில் வந்து நிற்பவர்களின் கணக்கு நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. வாசலுக்கு வர வழி தெரியாமல், அல்லது வெட்கப்பட்டு, வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டவர்களின் கணக்கை நாம்தான் தேடிப்போய் எழுத வேண்டும். ஜகாத்தும் நன்கொடையும் கொடுத்தவர்கள் அந்தப் பணம் உரியவரைச் சேரும் என்று நம்பித்தான் நம் கையில் தந்திருக்கிறார்கள்.